உப்பின் மேல் ஒரு பகலும் ஓர் இரவும்

மோட்டார்ப் பந்தயம் என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு ஒரே ஓர் எண்ணம்தான் வரும்: யார் முந்துகிறான்? ஆனால் இன்னொரு வகைப் பந்தயம் உண்டு. அதில் யார் முந்துகிறான் என்பது இரண்டாவது கேள்வி. யார் நிற்காமல் இருக்கிறான் என்பதே முதல் கேள்வி. இருபத்துநான்கு மணி நேரம் வண்டி ஓட வேண்டும். பகல் முழுவதும், இரவு முழுவதும், மறுநாள் அதே மணி அடிக்கும் வரை. பிரான்ஸ் தேசத்தில் லெமான் என்ற ஊரில் 1923-லிருந்து இப்படி ஒரு பந்தயம் நடந்து வருகிறது. அதைத் தவிர, எதிரியே இல்லாமல் கடிகாரத்தோடு மட்டும் மல்லுக்கட்டுகிறவர்களும் உண்டு. ஒரு நாளில் எத்தனை மைல் என்பதுதான் அவர்களுடைய கணக்கு.

இந்த இரண்டாவது வகையார் மேல் எனக்குத் தனி அபிமானம். நாவல் எழுதுகிறவனுக்கு அது இயற்கை என்று நினைக்கிறேன். சிறுகதை நூறு கெஜ ஓட்டம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி விடலாம். நாவலில், முதல் அத்தியாயத்தில் காட்டிய வீரமெல்லாம் இருபதாவது அத்தியாயத்தில் செல்லாது. அங்கே இஞ்சின் சூடேறும், சக்கரம் தேயும், தூக்கம் வரும். நிற்காமல் இருப்பதே பெரிய காரியம்.

இந்த விஷயத்தில் என்னை இறக்கி விட்டவன் என் அக்கா மகன். இஞ்சினீயரிங் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கிறான். மாணவர்கள் தாங்களே ஒரு வண்டியைக் கட்டி, கரடுமுரடான தடத்தில் நான்கு மணி நேரம் ஓட்டிக் காட்ட வேண்டிய போட்டி ஒன்று இருக்கிறதாம். இவனும் இவனுடைய கூட்டாளிகளும் ஒரு வருஷம் ராத்தூக்கம் இல்லாமல் குழாய்களை வெட்டி, வளைத்து, பற்றவைத்து ஒரு வண்டி கட்டினார்கள். பார்ப்பதற்கு அது கோழிக்கூண்டுக்குச் சக்கரம் மாட்டியது போல இருந்தது. இதை நான் சொன்னபோது அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வண்டி மூன்று மணி நேரம் நன்றாகவே ஓடியது. அதன் பிறகு பின்னச்சு முறிந்து, மேட்டு மேல் குறுக்காகப் படுத்து விட்டது. அச்சு என்ன, அவனுடைய மனசே முறிந்து விட்டது. வீட்டுக்கு வந்தவன் சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. என் அத்திம்பேருக்கு அது சௌகரியமாகப் போய்விட்டது. "இந்தச் சுத்தியல் வேலையெல்லாம் போதும். கம்ப்யூட்டர் பக்கம் போகிற வழியைப் பார்" என்றார். பையனும் தலையை ஆட்டி விட்டான். அவன் எதிர்த்துப் பேசியிருந்தால் என் அக்கா கவலைப்பட்டிருக்க மாட்டாள். தலையை ஆட்டினதுதான் அவளைப் பயமுறுத்தி விட்டது. "நீ எங்கேயாவது அழைத்துக்கொண்டு போடா. உன்னோடு வந்தால் எதையாவது பேசுவான்" என்று எனக்கு உத்தரவு போட்டாள்.

அப்போது நான் மரக்காணத்துக்குப் போவதாக இருந்தேன். எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஓர் உப்பளம் வந்து விட்டது. உப்பளத்தை நேரில் பார்க்காமல் எழுதினால் உப்புச் சப்பில்லாமல்தானே இருக்கும்? சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறக்குறைய நூற்றிருபது கிலோமீட்டர். பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். வழி நெடுக மோட்டார் சைக்கிள் வாலிபர்கள் எங்களைத் தாண்டிப் பறந்தார்கள். பையன் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வியாதி முற்றித்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மரக்காணம் பழைய ஊர். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினம் இதுதான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். கப்பல் வந்த துறை என்பதற்கு இன்று கண்ணுக்குத் தெரியும் சாட்சியம் அதிகமில்லை. தெரிவதெல்லாம் உப்பு. சாலையை விட்டு இறங்கினால் கண்ணாடித் துண்டுகளைத் தரையில் வரிசையாக அடுக்கி வைத்தது போலப் பாத்திகள். வரப்புகளின் மேல் வெள்ளைக் குவியல்கள். மாசி மாதத்து வெயில்தான்; அதற்கே கண்ணைத் திறக்க முடியவில்லை. மேலேயிருந்து ஒரு சூரியன், கீழேயிருந்து ஒரு சூரியன்.

உப்பளத்து மேஸ்திரி எழுபதை நெருங்கிய பெரியவர். சாவகாசமாக எல்லாவற்றையும் விளக்கினார். கடல்நீரைப் போல மூன்று டிகிரி இருக்கும் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய வைக்கிறார்கள். இருபத்தைந்து டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கிறது. முப்பதைத் தொட விட்டால் கசப்பு இறங்கிவிடும்; அதற்குள் அந்த நீரை வெளியேற்றி விட வேண்டும். டிகிரி பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு என்றாலும், பெரியவர் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தே சொல்லி விடுகிறார். இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் பாத்தியின் களிமண் தரையைக் காலால் மிதிக்க வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. தரை கெட்டிப்படும் வரை, வரிசையாக நின்று, திரும்பத் திரும்ப.

"மெஷின் வச்சு அடிக்கக் கூடாதா?" என்று என் மருமகன் கேட்டான். இரண்டு நாளில் அவன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி.

"அடிக்கலாம் தம்பி. ஆனா எங்கே எளகியிருக்குன்னு மெஷினுக்குத் தெரியாது. காலுக்குத் தெரியும்" என்றார் பெரியவர்.

நான் விளையாட்டாக ஒரு கேள்வி போட்டேன்: "இந்த உப்பு மேலே கார் ஓட்ட முடியுமா, பெரியவரே?"

அவர் சிரித்த சிரிப்பில் வரப்பில் நின்ற கொக்கு பறந்து விட்டது. "நல்லாக் கேட்டீங்க சார்! பொம்பளைங்க அதிர்ந்து நடந்தாலே பாத்தி கெட்டுடும்னு திட்டிக்கிட்டிருக்கேன். காரா?"

அன்று மாலை தங்கியிருந்த அறைக்குத் திரும்பினதும், "உப்பின் மேல் கார் ஓட்டியவன் ஒருவன் இருந்தான், தெரியுமா?" என்று பையனிடம் ஆரம்பித்தேன். அந்தக் கதையைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன். இரண்டு வருஷத்துக் கல்லூரிப் படிப்போடு ஏட்டைக் கட்டினவன் நான். இஞ்சினைப் பற்றி நான் சொல்வதை என் மருமகன் இரண்டு இடத்தில் திருத்தினான். திருத்தின பிரதியையே தருகிறேன்.

அமெரிக்காவில் யூட்டா என்ற மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் பான்வில் உப்புவெளி இருக்கிறது. பனியூழிக் காலத்தில் அங்கே கடல் போல ஓர் ஏரி கிடந்தது. அது வற்றி விட்டது, உப்பு மிச்சம். குளிர்காலத்தில் அதன் மேல் மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும். கோடையில் அது ஆவியாகும்போது, காற்றும் வெயிலும் சேர்ந்து புதிதாக ஒரு பரப்பைப் பூசிவிட்டுப் போகும். மரக்காணத்தில் மனிதர்கள் காலால் செய்வதை அங்கே பருவகாலமே செய்கிறது. நம்முடைய உப்பு களிமண்மேல் பூத்த பூ, அவர்களுடையது கற்பலகை. மரமில்லை, மேடில்லை, மாடு குறுக்கே வராது. இன்னொரு விசேஷமும் உண்டு. உப்பில் ஈரம் இருப்பதால் டயர் சூடேறாது. அந்த நாளில் வேகத்தின் முதல் சத்துரு டயரின் சூடுதான்.

அந்த யூட்டாவில் 1883-ல் பிறந்தவர் டேவிட் அபட் ஜென்கின்ஸ். எல்லோரும் 'ஆப்' ஜென்கின்ஸ் என்று கூப்பிடுவார்கள். பந்தயக்காரர் என்றதும் குடியும் கும்மாளமுமாக ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். மனிதர் தச்சு வேலை தெரிந்தவர். வீடு கட்டும் காண்டிராக்டர். மார்மன் மதத்தைச் சேர்ந்தவர். புகை கிடையாது, மது கிடையாது. ஜீவனம் என்னவோ செங்கல்லிலும் மரத்திலும்தான். மனசு மட்டும் சக்கரத்தில் இருந்தது.

1932-ல் அவருக்கு நாற்பத்தொன்பது வயது. நம் ஊரில் அந்த வயதில் பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பிப்பார்கள். ஜென்கின்ஸ், பியர்ஸ்-ஆரோ என்ற கம்பெனியின் பன்னிரண்டு சிலிண்டர் காரை உப்புவெளிக்குக் கொண்டுபோய், பத்து மைல் சுற்றளவில் ஒரு வட்டம் போட்டு, இருபத்துநான்கு மணி நேரம் தன்னந்தனியாக ஓட்டினார். 2,710 மைல், மணிக்குச் சராசரி ஏறக்குறைய 113 மைல். பெட்ரோலுக்கு வண்டி நின்றபோதும் அவர் இருக்கையை விட்டு இறங்கவில்லை. பிறகு ஒரு தடவை இப்படிப்பட்ட ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே முகக்ஷவரம் செய்துகொண்டார் என்று ஒரு பிரசித்தமான கதை உண்டு. ஒரு நாள் முழுவதும் ஓட்டிவிட்டு இறங்கும் மனிதர், பத்திரிகைக்காரர்கள் முன்னால் தாடியும் மீசையுமாக நிற்கக் கூடாதாம்!

இதைக் கேட்டு என் மருமகன் சிரித்தான். நான் கவனிக்காதது போல மேலே போனேன்.

ஜென்கின்ஸின் உப்புவெளி உலகப் பிரசித்தியாயிற்று. இங்கிலாந்திலிருந்து ஜான் காப் என்பவர் 1935-ல் தம்முடைய வண்டியோடு வந்து, ஒரு நாள் முழுவதும் மணிக்கு 134 மைலுக்கு மேல் ஓட்டிச் சாதனையைத் தட்டிக்கொண்டு போனார். சொந்த ஊர்ச் சொத்து வெளியூர்க்காரர் கைக்குப் போனது போலாயிற்று. ஜென்கின்ஸ் விடவில்லை. டூசன்பர்க் என்று பேர்போன கார் ஒன்றை, அதைச் செய்கிறவர்களைக் கொண்டே, காற்றைக் கிழிக்கும் உடம்போடு கட்டி வாங்கியிருந்தார். அதே கோடையில் 135 மைலைத் தாண்டிவிட்டார். செப்டம்பரில் ஜார்ஜ் ஐஸ்டன் என்ற இன்னோர் ஆங்கிலேயர் வந்து 140-ஐத் தாண்டினார்.

இனிமேல்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தோற்ற மனிதர் என்ன செய்தார்? டூசன்பர்க் இஞ்சினைக் கழற்றிவிட்டு, ஆகாய விமானத்தின் இஞ்சின் ஒன்றை அதில் தூக்கி வைத்தார். கர்ட்டிஸ் கான்கரர் என்று பெயர், பன்னிரண்டு சிலிண்டர், கொள்ளளவு இருபத்தைந்து லிட்டருக்கு மேல். நம் ஊர் மாருதி 800 காரின் இஞ்சின்களில் முப்பதுக்கு மேல் சேர்த்தால்தான் அதற்கு ஈடாகும் என்று மருமகன் கணக்குப் போட்டுச் சொன்னான். ஒரு செய்தித்தாள் நடத்திய பெயர்ப் போட்டியிலிருந்து வண்டிக்கு 'மார்மன் மீட்டியர்' என்று பெயர் வந்தது. மார்மன்களின் எரிநட்சத்திரம்.

1936 ஒரு புராண யுத்தம். ஜூலையில் ஐஸ்டன் 149 மைல். செப்டம்பரில் காப் 150 மைல். அதே செப்டம்பரில் ஜென்கின்ஸ் 153 மைலுக்கு மேல். அது போதாதென்று நாற்பத்தெட்டு மணி நேரச் சாதனையையும் சேர்த்து எடுத்தார். அடுத்த வருஷம் 157 மைல். இத்தனைக்கும் ஜான் காப்பும் ஐஸ்டனும் அவருக்குச் சிநேகிதர்கள். இப்படி ஓர் இடம் இருக்கிறது, வாருங்கள் என்று உலகத்தாரை உப்புவெளிக்கு அழைத்தவர்களில் முதல்வரே ஜென்கின்ஸ்தான். எதிரிக்கு மைதானத்தைக் காட்டிக்கொடுத்து விட்டு அவனோடு மோதுகிறவனை நீங்கள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்?

ஆனால் வண்டிக்குள் ஒரு குறை இருந்தது. கார் இஞ்சினுக்காகச் செய்த சட்டத்தில் விமான இஞ்சினை ஏற்றியிருந்தார்கள். வீட்டு விட்டத்தில் கோயில் மணியைத் தொங்கவிட்டது போல. சாதனை கையில் இருக்கிறது, உலகம் மெச்சுகிறது, இந்த நிலையில் வேறொருவராக இருந்தால் திருப்தியோடு உட்கார்ந்திருப்பார். ஜென்கின்ஸ் உட்காரவில்லை. விமான இஞ்சினுக்கென்றே அடியிலிருந்து புதிதாக ஒரு வண்டியைக் கட்டத் தீர்மானித்தார். ஆகி டூசன்பர்க் திட்டம் போட்டார். 1938-ல் இண்டியானாபொலிஸ் நகரத்தில் வேலை நடந்தது. பெரிய கம்பெனியின் படாடோபம் எதுவும் கிடையாது. ஜென்கின்ஸின் மகன் மார்வின் கூட இருந்து கட்டினான். அதுதான் மூன்றாவது மார்மன் மீட்டியர்.

இந்த இடத்தில் மருமகன் குறுக்கிட்டான். "மாமா, சாதனை கையிலே இருக்கும்போது அவர் ஏன் புதுசாகக் கட்டினார்?"

"பழைய வண்டி எந்த இடத்தில் முறியும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான்" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை.

1940-ல் ஜென்கின்ஸ் சால்ட் லேக் சிட்டி நகரத்தின் மேயர் ஆனார். பெயரிலேயே உப்பைச் சுமக்கும் ஊர் அது. அதே வருஷம் ஜூலையில், மேயர் அவர்கள் தம்முடைய மூன்றாவது வண்டியில் ஏறி உப்புவெளிக்குப் போனார். அப்போது வயது ஐம்பத்தேழு. இந்தத் தடவை அவர் தனியாக ஓட்டவில்லை. கிளிஃப் பெர்ஜீர் என்ற ஓட்டுநர் மாற்றுக்கு இருந்தார். ஒரு பகல், ஓர் இரவு. எங்கே திரும்பினாலும் வெள்ளை. எப்போதும் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டிய வட்டம். முன்னால் விமான இஞ்சினின் சத்தமும் சூடும். இருபத்துநான்கு மணி முடிந்தபோது 3,868 மைல் ஓடியிருந்தது. மணிக்கு 161 மைல் சராசரி. கன்னியாகுமரியில் புறப்பட்டு காஷ்மீரத்தைத் தொட்டு, திரும்பி வரும் வழியிலும் பாதியைத் தாண்டியிருக்கலாம்.

அந்தச் சாதனை எத்தனை நாள் நின்றது தெரியுமா? ஏறக்குறைய ஐம்பது வருஷம். உலக யுத்தம் வந்தது, போனது. மனிதன் சந்திரனில் இறங்கினான். இந்தக் கணக்கு மட்டும் அசையவில்லை. 1990 மார்ச்சில்தான் டெக்ஸாஸ் மாநிலத்தில் கார்வெட் கார் ஒன்றைப் பல ஓட்டுநர்கள் மாற்றி மாற்றி ஓட்டி, 175 மைல் சராசரியில் அதை முறியடித்தார்கள். ஜென்கின்ஸ் அதைப் பார்க்க இல்லை. 1956-ல், எழுபத்துமூன்றாவது வயதில், ஒரு பான்டியாக் காரை எடுத்துக்கொண்டு, மகன் மார்வினோடு அதே உப்புவெளியில் இன்னுமொரு இருபத்துநான்கு மணி நேரம் ஓட்டினார். அதே வருஷம் ஆகஸ்டில் காலமானார். மூன்றாவது மீட்டியர் யூட்டா மாநிலச் சட்டசபைக் கட்டிடத்தில் பல பத்தாண்டுகள் காட்சிக்கு நின்று நலிந்து போயிற்று. வாலிபத்தில் அதைக் கட்டிய அதே மகன், வயதான காலத்தில் அதைத் திரும்பப் பெற்று, பழுது பார்த்து, மறுபடி ஓட வைத்தார்.

கதை முடிந்ததும் மருமகன் கேட்டான்: "எல்லாம் சரி மாமா. அவருக்கு டூசன்பர்க் இருந்தது. விமான இஞ்சின் இருந்தது. நம்மிடம் என்ன இருக்கிறது?"

நியாயமான கேள்வி. நம்மிடமும் இருந்தது என்று சொன்னேன். கோயம்புத்தூரில் கரிவர்தன் என்று ஒருவர் இருந்தார். பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டுப் பந்தயக் கார்களை விலைக்கு வாங்கி ஓட்டியிருக்கலாம். அவரோ, 1980-களின் இறுதியில், மாருதி 800 இஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை இங்கேயே கட்டினார். வசதி குறைந்த வாலிபனுக்கும் பந்தயம் எட்ட வேண்டும் என்பது எண்ணம். 1995-ல் ஒரு விமான விபத்தில், நாற்பத்துச் சொச்சம் வயதிலேயே அவர் போய்விட்டார். ஆனால் அந்த ஃபார்முலா மாருதி வண்டியில் ஏறி ஆரம்பித்தவர்களில் ஒருவர் நாராயண் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர். 2003-ல் செட்டிப்பாளையத்தில் திறந்த பந்தயத் தடத்துக்கு 'கரி' என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். வண்டி கட்டினவன் போனாலும் தடம் நின்றது.

"அதற்கும் முன்னால் வேண்டுமா?" என்று கேட்டு, எனக்குத் தெரிந்த துறைக்கு வந்தேன். இந்தக் கரையில் விளைந்த உப்பை உள்நாட்டுக்கு யார் கொண்டு போனார்கள்? சங்க காலத்து உமணர்கள். குடும்பத்தோடு, மாடுகளோடு, வரிசை வரிசையாக வண்டி கட்டிக்கொண்டு, பள்ளத்திலும் மேட்டிலும், காட்டிலும் சுரத்திலும், நாள் கணக்கில் நெடும் பிரயாணம். வழியில் பட்டறை கிடையாது. ஆகையால் வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போனார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயர். ஔவையார் ஒரு வள்ளலைப் புகழ வேண்டி வந்தபோது, சிங்கம் என்றோ மேகம் என்றோ சொல்லாமல், உமணர் வண்டியின் சேம அச்சுக்கு அவனை ஒப்பிட்டார். புறநானூற்றில் இருக்கிறது. அச்சு முறியும் என்பதை உமணன் அவமானமாக நினைக்கவில்லை. முறியும் என்று தெரிந்தேதான் வண்டி பூட்டினான்.

பையன் வெகு நேரம் பேசாமல் இருந்தான். பிறகு காகிதம் கேட்டான். என்னிடமிருந்த நாவல் கையெழுத்துப் பிரதியின் பின்பக்கத்தில் எதையோ வரைய ஆரம்பித்தான். பன்னிரண்டாவது அத்தியாயம் அப்படி வீணாயிற்று. அது நாவலுக்கு நல்லதா கெட்டதா என்பதைப் பிற்பாடு வாசகர்கள் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் மறுபடி உப்பளத்துக்குப் போனோம். வெயில் ஏறுமுன் வேலை தொடங்கியிருந்தது. பெண்கள் நீண்ட கழியில் பொருத்திய பலகையால் பாத்தியின் உப்பை இழுத்து ஓரம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் கூடையில் சுமந்து வரப்பில் கொட்டினார்கள். முந்தின நாள் கதை மனசில் இருந்ததாலோ என்னவோ, எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஒரு பகலும் ஓர் இரவும் உப்பின் மேல் இருந்த ஜென்கின்ஸுக்குக் கண் கூசாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி இருந்தது. நேரத்தைக் குறிக்க உத்தியோகஸ்தர்கள் இருந்தார்கள். இந்தப் பெண்கள் தை, மாசியில் இறங்கினால் ஐப்பசி மழை வரும் வரை இதே வெள்ளையில் நிற்கிறார்கள். கண்ணுக்கு மேல் புடவைத் தலைப்புதான் மறைவு. உப்புநீர் காலைப் பிளக்கிறது. இவர்களுக்கு எதிரே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு யாரும் நிற்கவில்லை. நின்றால் எத்தனை சாதனைகள் முறிந்திருக்குமோ!

"சித்திரையிலே எதிர்பாராமல் மழை வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று மருமகன் பெரியவரைக் கேட்டான்.

"கரைஞ்சு போயிடும்."

"அப்புறம்?"

பெரியவர் அவனைப் புரியாமல் பார்த்தார். "அப்புறம் என்ன? தண்ணியை எறைச்சுட்டு, மறுபடி மிதிக்க வேண்டியதுதான்."

பான்வில் உப்புவெளிக்கும் இப்போது நல்ல காலம் இல்லை. வருஷத்துக்கு வருஷம் உப்புப் பலகை மெலிந்துகொண்டே வருகிறது. பக்கத்தில் பொட்டாஷ் எடுப்பதற்காக உப்புநீரை இழுத்ததுதான் காரணம் என்று ஓட்டக்காரர்கள் பல வருஷமாகக் குறை சொல்கிறார்கள். காரணம் அது ஒன்றுதானா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒரே குரலில் பேசவில்லை. 1997-லிருந்து உப்புநீரை மறுபடியும் வெளிமேல் பாய்ச்சிப் பார்த்தார்கள். அப்படியும் 2015-ல் உப்பு போதாமல் அந்த வருஷத்து வேகத் திருவிழாவை நிறுத்த வேண்டி வந்தது. ஐம்பது வருஷம் அசையாத சாதனையைத் தாங்கிய தரை இன்று பந்தயக்காரர்களையே தாங்கத் தயங்குகிறது. மைலையும் மணியையும் எழுதி வைக்கிற நாம், அடியில் கிடப்பது எவ்வளவு மிச்சம் என்று அளந்து பார்க்க மறந்து விடுகிறோம். மனிதன் நிற்காமல் ஓடுவதற்குக் கீழே ஏதோ ஒன்று நிற்க வேண்டியிருக்கிறது: தரை, மகன், மாற்று ஓட்டுநர், முறிந்தால் மாட்டுவதற்கு ஓர் அச்சு.

என் மருமகனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். பஸ்ஸில் திரும்பும்போது அவன் சண்டை போட ஆரம்பித்தான். முதலில் என்னோடு, வீட்டுக்குப் போனதும் அவனுடைய அப்பாவோடு. அக்கா டெலிபோனில் அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். அத்திம்பேர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை; ஆனால் பட்டறைக்குப் போகப் பஸ் காசு கொடுக்கிறாராம். இந்த வருஷமும் பையன்கள் வண்டி கட்டுகிறார்கள். நான்கு மணி நேரம் ஓடுமா, நடுவில் படுத்துக்கொள்ளுமா என்று என்னால் சொல்ல முடியாது. போய்ப் பார்த்தேன், இப்போதும் கோழிக்கூண்டு போலத்தான் இருக்கிறது. பின்னச்சு மட்டும் இரண்டு செய்து வைத்திருக்கிறார்கள்.